பிள்ளை வீட்டிலேயே வளரட்டும்: ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு உதவ முன்வரும் நம் சபைகளுக்கு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள நம் தமிழ்ச் சபைகள் பலவற்றின் ஊழியக் காணிக்கைப் பட்டியலில் இப்போது ஆப்பிரிக்காவும் இடம்பெற்றுவிட்டது. வெளியூர் ஊழியர் ஒருவர் வந்து படம் காட்டிச் சாட்சி சொல்லிப் போகிறார். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போதே மாதர் சங்கத்தாரும் வாலிபர் சங்கத்தாரும் நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தை ஒழுங்கான, கணக்குக் காட்டக்கூடிய, பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் ஏற்பாடாக மாற்றுவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆப்பிரிக்கா ஒரே ஊர்போலப் பேசப்பட்டாலும் அங்கே 54 நாடுகள் இருக்கின்றன. அத்தனைக்கும் பொதுவாக எழுதினால் எவருக்கும் உதவாது என்பதால், மக்காச்சோளம் பயிரிட்டு வாழும் கிராம மக்களே பெரும்பான்மையாக உள்ள மலாவி நாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அண்டை நாடுகளாகிய சாம்பியாவுக்கும் தான்சானியாவுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் பருவங்களையும் சட்டங்களையும் அந்தந்த நாட்டில் கேட்டறிந்து திருத்திக்கொள்ள வேண்டும்.

அநாதை இல்லம் வேண்டாம்

இப்படிப்பட்ட பேச்சு எழுந்ததும் முதலில் முன்வைக்கப்படும் யோசனை, ஓர் அநாதை இல்லம் கட்டுவோம் என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், கல்லில் சபையின் பெயரைப் பொறிக்கலாம், திறப்பு விழாவுக்கு ஆயரை அழைத்துப் போகலாம். இந்த யோசனையை முதல் கூட்டத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப், தாய் தந்தையரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் அநாதை என்றே கணக்கிடுகிறது. ஆகவே அநாதைகள் எத்தனை லட்சம் என்று மேடையில் சொல்லப்படும் எண்ணிக்கையில் மிகப் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐவரில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவரேனும் இருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறியது. அப்படியானால் அப்பிள்ளைகள் ஏன் இல்லத்துக்குப் போனார்கள்? வீட்டில் உணவில்லை, பள்ளிச் செலவுக்குப் பணமில்லை. இல்லத்தில் இரண்டும் கிடைக்கின்றன. ஏழை ஊரில் வெளிநாட்டுப் பணத்தில் ஓர் இல்லம் எழும்பினால் அதை நிரப்பப் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிடுவார்கள். தாய் தன் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்புவாள். அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள், வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. ருவாண்டா 2012 முதல் தன் இல்லங்களைப் படிப்படியாக மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்த்து வருகிறது. கென்யா 2017இல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்தியது.

மலாவியில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்திருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுக்கான மருந்தை அந்நாட்டு அரசு 2004 முதல் இலவசமாகக் கொடுக்கிறது. தொற்றுள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வாழ்நாள் முழுவதும் மருந்து என்ற திட்டத்தை 2011இல் உலகிலேயே முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடும் அதுதான். முன்பு இறந்துபோயிருக்கக்கூடிய தாய்மார்கள் இன்று உயிரோடிருந்து பிள்ளைகளை வளர்க்கிறார்கள். மருந்து இலவசம்தான், மருத்துவமனைக்குப் போய்வரும் வழிச்செலவும், மாத்திரையோடு வயிற்றுக்குள் போக வேண்டிய உணவும் இலவசமாக வருவதில்லை. நம் உதவி போய்ச் சேர வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. எந்தப் பிள்ளையை எடுத்து வளர்ப்பது என்று கேட்பதைவிட, எந்த வீட்டைத் தாங்கினால் அந்தப் பிள்ளை அங்கேயே வளரும் என்று கேட்கும் சபைக்கு மற்ற முடிவுகள் எளிதாகும்.

அந்த வீடுகளை யார் தேர்ந்தெடுப்பது? படங்களைப் பார்த்துக் கோலாலம்பூரில் உட்கார்ந்து நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. நான்கு பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியே போராடும் பாட்டி யார், கணவன் தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போய்த் தகவலே இல்லாத பெண் யார், நடக்க முடியாத பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் குடும்பம் எது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊர்த் தலைவர், உள்ளூர்ச் சபையின் மூப்பர்கள், கிராமச் சுகாதாரப் பணியாளர், பாலர் மையத்துத் தன்னார்வலர்கள் ஆகியோர் கூடிப் பட்டியல் தயாரித்து, அதை ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கப்படாத பட்டியலில் தலைவரின் உறவினர்கள் நுழைந்துவிடுவது நம் ஊர் வழக்கமும்தான்.

ஒரு நிபந்தனையை நாமே எழுத்தில் வைத்துவிட வேண்டும். உதவி பெறுவதற்கு ஆலயத்துக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இருக்கக் கூடாது. மலாவியின் தெற்கே, ஏரிக்கரை மாவட்டமாகிய மங்கோச்சியில் யாவோ இன மக்கள் பெரும்பாலும் இஸ்லாமியர்கள். அங்கே பசித்த வீடு என்பது மசூதிக்குப் போகும் வீடாகவும் இருக்கும்.

யாரோடு சேர்ந்து செய்வது

முகநூலில் அறிமுகமாகிப் படங்களை அனுப்பி உதவி கேட்கும் தனிமனிதரோடு தொடங்காதீர்கள். அவர் உண்மையானவராகவே இருந்தாலும், அவரைக் கேள்வி கேட்க மேலே ஒருவரும் இல்லாத ஏற்பாட்டில் பணத்தைப் போடுவது அவருக்கே தீங்காக முடியும். நம் ஒவ்வொரு திருச்சபைக்கும் ஆப்பிரிக்காவோடு ஏற்கெனவே ஒரு பாதை உண்டு. லுத்தரன் சபையினருக்கு உலக லுத்தரன் கூட்டமைப்பு இருக்கிறது. மலாவியிலும் தான்சானியாவிலும் உள்ள லுத்தரன் திருச்சபைகள் அதன் உறுப்பினர்கள். கத்தோலிக்கர்கள் மலாவி ஆயர்களின் வளர்ச்சி ஆணையமாகிய காடெகோம் வழியாகப் போகலாம். ஆங்கிலிக்கன் சபையினர் மத்திய ஆப்பிரிக்க மாகாணத்தின் மறைமாவட்டங்களை நாடலாம். மெதடிஸ்டுகள் தங்கள் ஆண்டுப் பேரவை அலுவலகத்தில் கேட்டுத் தொடங்கலாம். மேலிடத்துக்கு எழுதிப் பதில் பெற மாதக்கணக்கில் ஆகும் என்பது உண்மைதான். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஏதேனும் சிக்கல் வந்தால் பேசுவதற்கு ஓர் அலுவலகம் இருக்கும்.

முதல் கடிதத்தில் பணத்தைப் பற்றி எழுதாமல், அவர்கள் இப்போதே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். மலாவிக் கிராமங்களில் சமூகப் பாலர் மையங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன; ஊர்ப்பெண்கள் சம்பளமின்றி நடத்தும் இம்மையங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும், மாவு இருக்கும் நாள்களில் ஒரு வேளைக் கஞ்சியும் கிடைக்கும். மக்காச்சோள மாவும் சோயா மாவும் கலந்த அந்தக் கஞ்சியை அங்கே லிக்குனி பாலா என்பார்கள். இப்படி ஒன்றைத் தங்கள் கையாலேயே ஏற்கெனவே நடத்திவரும் சபை, நம் பணம் வந்ததும் செய்யப்போவதாகச் சொல்லும் சபையைவிடப் பல மடங்கு நம்பத்தக்கது. பிறகு, பதிவுச் சான்று, இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, கடந்த ஆண்டின் தணிக்கை செய்த கணக்கு, மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு இந்த வேலை தெரியுமா என்பதற்கான பதில் ஆகிய நான்கையும் கேட்டுப் பெறுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு மலாவியில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி பிள்ளைகளைப் பற்றிய முடிவுகளில் அரசு அலுவலருக்குப் பங்கு உண்டு, அவரைத் தாண்டிச் செல்வது சரியன்று.

நம் நாள்காட்டியும் அவர்கள் நாள்காட்டியும்

மற்ற எதையும்விட இந்தப் பகுதியைச் சபைக் குழு ஆற அமரப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நல்ல மனத்தோடு அனுப்பப்பட்ட பணம் பயனற்றுப்போவது பெரும்பாலும் தொகை குறைந்ததால் நேர்வதில்லை, தவறான மாதத்தில் போய்ச் சேர்வதால் நேர்கிறது.

மலாவிக் கிராமத்தில் ஆண்டுக்கு ஒரே பெரிய மழைக்காலம்தான். நவம்பர் நடுவில் அல்லது டிசம்பரில் முதல் நல்ல மழை விழுந்ததும் மக்காச்சோளம் விதைப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. அறுத்த சோளம் ஏழை வீட்டில் ஆண்டு முழுவதும் வராது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை குதிர் காலியாகி, கடையில் சோளத்தின் விலை உச்சத்தில் நிற்கும். அந்த மாதங்களில் கையில் ஒன்றுமில்லாத தாய், அடுத்தவர் வயலில் அன்றாடக் கூலிக்குக் களை எடுக்கப் போவாள். இதற்கு அங்கே கன்யு என்று பெயர். அவள் பிறர் வயலில் களையெடுக்கும் அதே வாரங்களில் அவளுடைய சொந்த வயலில் களை மண்டுகிறது, உரம் போட வேண்டிய நாள் கடந்துபோகிறது, அடுத்த அறுவடையும் குறைகிறது. பிள்ளைகளும் அவளோடு வயலுக்குப் போவதால் பள்ளியில் வருகை விழுகிறது. வறுமை ஆண்டுதோறும் தன்னைத்தானே விதைத்துக்கொள்வது இப்படித்தான்.

இதற்கு எதிரே நம் நாள்காட்டியை வைத்துப் பாருங்கள். நம் சபைகளில் தாராளமான காணிக்கை கிறிஸ்துமஸ் காலத்தில்தான் வருகிறது. டிசம்பர் கடைசியில் எண்ணி, ஜனவரிக் குழுக்கூட்டத்தில் ஒப்புதல் பெற்று, வங்கியில் கொடுத்து அனுப்பினால் பிப்ரவரியில் போய்ச் சேரும். விதைக்கும் உரத்துக்கும் அது மிகவும் பிந்திய பணம்; சோளம் வாங்கலாம் என்றாலோ ஆண்டிலேயே விலை மிக உயர்ந்த நேரம். பள்ளி ஆண்டும் செப்டம்பரில் தொடங்கியிருக்கும்.

ஆகவே ஆண்டில் இரண்டு முறை பணம் அங்கே கையில் இருக்கும்படி திட்டமிடுங்கள். முதல் தவணை மே மாதத்தில் சேர வேண்டும். அறுவடை முடிந்து சோளம் மலிந்து கிடக்கும்போது உள்ளூர்ச் சபை அதை மொத்தமாக வாங்கி, காற்றுப் புகாத மூன்றடுக்குச் சாக்குகளில் கட்டி வைத்துவிட்டால் வண்டு அரிக்காது. ஜனவரியில் பாலர் மையத்துக் கஞ்சிக்கும் பட்டியலிலுள்ள வீடுகளுக்கும் அதையே எடுத்துக் கொடுக்கலாம். சென்ற டிசம்பரில் சேர்ந்த கிறிஸ்துமஸ் காணிக்கையைச் செலவிடாமல் வைத்திருந்து இந்தத் தவணைக்குப் பயன்படுத்தலாம். இரண்டாம் தவணை ஆகஸ்ட் கடைசிக்குள் சேர வேண்டும். அது சீருடை, நோட்டுப் புத்தகம், விடுதிச் செலவு ஆகியவற்றுக்கும், மழைக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டிய விதைக்கும் உரத்துக்கும் உரியது.

ஆகஸ்ட் தவணைக்குப் பணம் திரட்ட ஜூன், ஜூலை மாதங்களே தக்கவை. அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரையும் பூசணியையும் கோழியையும் ஏலம் விடும் சபைகள் அந்தப் பண்டிகையை இந்த மாதங்களில் வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கலாம். ஒரு பூசணிக்காய் முந்நூறு வெள்ளிக்குப் போகும் ஏலத்தின் உற்சாகத்தை வேறெந்த நிதி திரட்டும் முறையாலும் கொண்டுவர முடியாது. பினாங்குப் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு ஜூலையில் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் திருவிழா இருக்கிறது. பங்கின் அனுமதியோடு ஒரு பலகாரக் கடை போட்டாலே நல்ல தொகை சேரும்.

பணம் என்ன வேலை செய்ய வேண்டும்

மலாவியில் தொடக்கப்பள்ளிக் கட்டணம் 1994இல் நீக்கப்பட்டது. ஆனாலும் சீருடை இல்லாத பிள்ளை வெட்கத்தால் வீட்டிலேயே இருந்துவிடுகிறது. மேற்குக் கென்யாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்றில், பள்ளியை விட்டு நிற்பது குறைந்ததோடு பெண்பிள்ளைகளின் இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் குறைந்தன. துணியை இங்கிருந்து அனுப்ப வேண்டாம். அங்கேயே வாங்கி, ஊர்ச் சந்தையில் மரத்தடியில் கால்மிதி இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் தையல்காரரிடம் தைக்கக் கொடுத்தால் கூலியும் ஊரிலேயே தங்கும். உயர்நிலைப்பள்ளி வேறு கதை. அது நான்கு ஆண்டுப் படிப்பு. பள்ளி தொலைவில் இருப்பதால் விடுதியில் சேர வேண்டும், அல்லது பள்ளிக்கு அருகே அறை எடுத்துத் தானே சமைத்துத் தங்க வேண்டும். அப்படித் தனியே தங்கும் பெண்பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம் என்பதால், பெண்ணுக்குக் கொடுக்கும் உதவியில் பாதுகாப்பான விடுதிச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். மலாவி 2017இல் தன் அரசியல் சட்டத்தையே திருத்தித் திருமண வயதை 18 ஆக்கிவிட்டது. ஆனாலும் பள்ளியில் இடம் இல்லாத பதினைந்து வயதுப் பெண்ணை வீட்டில் எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கேள்விக்குச் சட்டத்தால் மட்டும் விடை சொல்ல முடிவதில்லை.

சிறு பிள்ளைகளின் உணவில் ஓர் எளிய கருவி பெரிதும் உதவும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் மேல்கையைச் சுற்றி வண்ண நாடாவால் அளப்பார்கள். சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மஞ்சள், 11.5க்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பில் உள்ள பிள்ளைக்கு நம் கஞ்சி போதாது. உடனே சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி கொண்ட நிலக்கடலைப் பசை மருந்தாகவே தரப்படும். பாலர் மையத்துத் தன்னார்வலர்களுக்கு இந்த நாடாவும், பிள்ளையைத் தூக்கிப்போகச் சைக்கிள் வாடகையும் கையில் இருக்க வேண்டும். குழுவின் வரவுசெலவுத் திட்டத்தில் இது மிகச் சிறிய வரி. வெட்டிவிடத் தோன்றும், வெட்டாதீர்கள்.

பெரியவர்களுக்குப் பணம் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்ற பேச்சு நம் குழுக்களில் கட்டாயம் எழும். மலாவி அரசே 2006இல் மச்சிஞ்சி மாவட்டத்தில் தொடங்கிய திட்டத்தின் வழியே, உழைக்க ஆளில்லாத மிக ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கமாகவே உதவித்தொகை கொடுத்துவருகிறது. வயதான பாட்டிக்கு எது தேவை என்று நம்மைவிட அவருக்கே நன்கு தெரியும். உடலில் வலுவுள்ள குடும்பங்களுக்கு விதையும் உரமும் கொடுத்து, அவற்றோடு சேமிப்புக் குழுவையும் ஏற்படுத்துவது நல்லது. இந்தச் சேமிப்புக் குழு முறையைக் கேர் என்னும் பன்னாட்டுத் தொண்டு அமைப்பு 1991இல் நைஜர் நாட்டில் தொடங்கியது. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர் வாரந்தோறும் கூடிச் சிறு தொகை போடுகிறார்கள். பணம் இருக்கும் பெட்டிக்கு மூன்று பூட்டுகள், மூன்று சாவிகளும் மூன்று வெவ்வேறு பெண்களிடம் இருக்கும், எல்லாரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். கடன் வாங்குபவர் வட்டியோடு திருப்பித் தருவார். ஆண்டு முடிவில் எல்லாருக்கும் பங்கு பிரியும். தோட்டத்தில் நம் பாட்டிமார் பிடித்த கூட்டு, அதாவது சீட்டுதான் இது, என்ன, ஏலமும் இல்லை, பணத்தோடு ஓடிப்போகும் சீட்டு நடத்துநரும் இல்லை. மலேசியாவில் கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால் சபையில் இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அங்கே அது தொண்டு நிறுவனங்கள் ஊக்குவிக்கும் முறை என்பதை விளக்கிவிடுங்கள். ஒரு முக்கிய விதி: அந்தப் பெட்டிக்குள் நம் பணம் போகவே கூடாது. பயிற்சியாளரின் செலவையும் பெட்டியின் விலையையும் மட்டும் கொடுங்கள். வெளிப்பணம் நுழைந்தால், திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பொறுப்பு கரைந்துவிடும்.

ஆடு கொடுக்கும் திட்டமும் நன்றே. பெற்ற வீடு முதலில் ஈனும் பெண்குட்டியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்ற உடன்பாட்டை முதலிலேயே ஊர் முன்னால் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

பழைய துணியும் காலணியும் பொட்டலம் கட்டி அனுப்புவது வேண்டாம். மலாவிக்குக் கடற்கரை இல்லை. சரக்கு மொசாம்பிக்கின் பெய்ரா அல்லது நக்காலா துறைமுகத்தில் இறங்கி லாரியில் போக வேண்டும், கூடவே சுங்கவரி. பழைய துணி அங்கே கௌஞ்சிக்கா என்ற பெயரில் எல்லாச் சந்தையிலும் குவிந்து கிடக்கிறது. அதை விற்றுப் பிழைப்பவர்களும் ஏழைகளே.

இங்கே கணக்கு, அங்கே கணக்கு

சபையின் பெயரிலுள்ள கணக்கில் மட்டுமே பணம் சேர வேண்டும். வசதிக்காக ஒரு மூப்பரின் சொந்தக் கணக்குக்கு டூயிட்நவ் வழியாக அனுப்பச் சொல்வதை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அனுமதிக்காதீர்கள். இந்த ஊழியத்துக்கென்று தனிப் பேரேடு வைத்து, ஒவ்வொரு காலாண்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஆலய வளாகத்துக்கு வெளியே வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறையின் அனுமதி வேண்டும். வாலிபர்கள் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் உண்டியலோடு நிற்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரக் கடிதம் கையில் இல்லாதவரை, நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு என்று எவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி காரணம் கேட்கும். குழுவின் தீர்மான நகல், இரு சபைகளின் உடன்படிக்கை, பெறும் அமைப்பின் பதிவுச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போனால் வேலை சுலபம். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி அவர்கள் கேட்டே ஆக வேண்டும், எரிச்சல்படுவதில் பயனில்லை. இடையிலுள்ள வங்கிகள் கட்டணம் பிடிப்பதால், எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்பதாகப் படிவத்தில் குறித்து, சிறு தொகைகளாக அடிக்கடி அனுப்பாமல் இரு தவணைகளில் அனுப்புங்கள். பணம் சேர்ந்ததும், மலாவி நாணயமாகிய குவாச்சாவில் எவ்வளவு வரவு வைக்கப்பட்டது என்ற வங்கிச் சீட்டின் படத்தை அன்றே கேட்டு வாங்குங்கள். மலாவியில் வங்கி விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் பெரிய இடைவெளி இருப்பதால், வங்கிக்கு வெளியே மாற்றித் தருகிறேன், கூடுதலாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். சட்டத்துக்குப் புறம்பான அந்த வழியைச் சபை தொடவே கூடாது. 2023 நவம்பரில் குவாச்சாவின் மதிப்பு குறைக்கப்பட்டு, ஒரு டாலருக்குக் கொடுக்க வேண்டிய குவாச்சா ஒரே நாளில் 44 விழுக்காடு கூடியது. இறக்குமதியாகும் உரத்தின் விலையும் அதற்கேற்ப ஏறும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே நம் வாக்குறுதி ரிங்கிட்டில் இருக்கட்டும். அதைக் கொண்டு எத்தனை வீடுகளைத் தாங்க முடியும் என்பதை ஒவ்வொரு தவணையிலும் அவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

நூறு விழுக்காடும் ஏழைக்கே போக வேண்டும் என்று நம்மவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளரின் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கும் தொலைபேசிக்கும் கொடுக்காவிட்டால் அவர் போக மாட்டார், அல்லது ஏழையின் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டு போவார். அந்தச் செலவைத் திட்டத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுவதே நேர்மை.

படங்கள், கடிதங்கள், பயணங்கள்

ஆலயத் திரையில் காட்டும் படத்தில் இருக்கும் பிள்ளைக்கும் மானம் உண்டு. முகம், முழுப்பெயர், ஊர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வரவே கூடாது, எச்.ஐ.வி. என்ற சொல் எந்தக் குடும்பத்தின் படத்தோடும் இணையக் கூடாது. பெற்றோரின் சம்மதத்தை அவர்கள் மொழியில் கேட்டுப் பெற்ற பின்பே படம் எடுக்க வேண்டும். நன்றி சொல்லிப் பாடும் பிள்ளைகளின் காணொளி வேண்டும் என்று கேட்காதீர்கள். நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கடிதம் எழுத ஆசைப்பட்டால், பாலர் மையத்துக்குப் பொதுவாக எழுதட்டும். எல்லாக் கடிதங்களும் இரு பக்கமும் சபை அலுவலகம் வழியாகவே போய்வர வேண்டும். தனிப்பட்ட வாட்ஸ்அப் எண்களைக் கொடுப்பதும் வாங்குவதும் பெரியவர்களுக்கும் தடை.

பேச வேண்டுமானால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலாவி நமக்கு ஆறு மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நாம் ஓய்வாக அழைக்கும்போது அவர்கள் காலைப் பத்து மணி ஆராதனையின் நடுவில் இருப்பார்கள். சனிக்கிழமை மாலை இரு பக்கத்துக்கும் ஒத்துவரும். அழைப்பில் முதல் கேள்வியாக இந்த மாதம் எது நடக்கவில்லை என்று கேட்டுப் பழகுங்கள். விதை பிந்தியது, ஒரு பெண் பள்ளியை விட்டு நின்றாள், இரண்டு ஆடுகள் செத்தன என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு வரும்வரை அறிக்கைகளில் உள்ள நல்ல செய்திகளை முழுதாக நம்ப முடியாது. கெட்ட செய்தி வந்ததும் பணத்தை நிறுத்திவிடுவோம் என்று அவர்கள் பயந்தால், அடுத்த முறை அது வரவே வராது.

நேரில் போக விரும்புவோர் இருவர் அல்லது மூவராக, மழையில்லாத மே முதல் அக்டோபர் வரையுள்ள மாதங்களில், தங்கள் சொந்தச் செலவில் போகட்டும். கணக்குத் தெரிந்தவர் ஒருவரும், பிள்ளைகளோடு வேலை செய்து பழகிய பெண் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள். எத்தியோப்பியா அல்லது கென்யா வழியாகப் போய்வருவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைப் பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்நாடுகளிலிருந்து திரும்பும்போது மலேசியா அதைக் கேட்கக்கூடும். சுவருக்கு வண்ணம் அடிக்கவும் பாடம் நடத்தவும் இருபது பேர் போவதைவிட, அந்த விமானக் கட்டணத்தை அங்குள்ள வேலைக்கே அனுப்பலாம்.

எவ்வளவு காலம்

உடன்படிக்கையில் முடிவு நாளையும் எழுதுங்கள். மூன்று ஆண்டுக்குக் குறைவாகத் தொடங்குவதில் பொருளில்லை. முடிவே இல்லாமல் தொடர்வதும் இரு சபைகளுக்கும் நல்லதன்று. சேமிப்புக் குழு தன் காலில் நின்று, பாலர் மையத்துக்கென ஊரார் ஒரு வயலை ஒதுக்கிக் கஞ்சிக்குச் சோளம் பயிரிடத் தொடங்கிய பின், உணவுத் தவணையைப் பாதியாகக் குறைத்து, அடுத்த ஆண்டில் நிறுத்தலாம். நிறுத்துவது ஓராண்டுக்கு முன்பே அவர்களுக்கு எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. முதலாம் படிவத்தில் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டால் நான்காம் படிவம் வரை அவள் செலவு நம்முடையது. போதகர் மாறினாலும், குழுத் தலைவர் மாறினாலும், நம் ஆலயக் கூரையே பழுதானாலும் அந்தத் தொகைக்கு இடையூறு வரக் கூடாது. ஆகவே எத்தனை பேரைச் சேர்க்கிறோமோ அத்தனை பேரின் நான்கு ஆண்டுச் செலவில் பாதியையாவது முன்னரே வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்ட பிறகே பெயர்ப்பட்டியலைக் கேட்டு எழுதுங்கள். பத்துப் பேருக்கு ஆசைப்பட்டு, கையிலுள்ளது மூவருக்கே போதுமென்றால், மூவரையே எடுங்கள்.